தாவுகாலன் ஊர்ச் சனங்கள்

மாப்ளே,

இன்று காலை நம் வண்டியின் முதுகிலிருந்து கரி டிரம்மைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அது சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மூடியைத் திறந்ததும் அடியில் கிடந்த பழஞ்சாம்பலிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. பஸ் செட்டில் நின்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் கிட்டப் போய் நின்றேன். அந்த நெடியை இழுத்தால் உனக்கும் எனக்கும் பொம்மைப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீ போய் ஒரு வருடம் முடியப்போகிறது. உத்தமபாளையத்தில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் உன் டிரைவர் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் விசில் ஊதினேன். வண்டி போனது. அன்றைக்கு உன்னோடு பேசாமல் விட்ட பேச்சை இன்றைக்குப் பேசுகிறேன், கேட்டுக்கொள்.

போர் நடந்த காலம் அது. போடி ரயில் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சனமெல்லாம் பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். பஸ்ஸுக்கோ பெட்ரோல் கிடையாது. முதுகில் ஒரு டிரம், அதற்குள் கரி, பக்கத்தில் காற்றடிக்க ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கரி கனன்று, வாயு பிடித்து, எஞ்சின் இருமி எழுந்திருப்பதற்குள் தேனி சந்தையில் ஒரு நடை காய்கறி விற்றுத் தீர்ந்துவிடும். மேட்டைக் கண்டால் வண்டி நின்றுவிடும். நம் இருவருக்கும் வாழ்நாளில் அவ்வளவு ஓய்வு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அந்த அமெரிக்கச் சிப்பாய் ஏறியது அப்படியொரு நாளில். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், உடம்பு தேற மலை பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். கூடலூர் தாண்டி வண்டி படுத்துக்கொண்டதும், வேண்டாம் வேண்டாம் என்று நாம் கையைக் காட்டியும் கேட்காமல் இறங்கி அவனும் சக்கரத்தைச் சுற்றினான். வெள்ளை முகம் கரியாகிப் பல் மட்டும் தெரிந்தது. சனங்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். குமுளியில் இறங்கும்போது பையிலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்து உன் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எல்லாம் பொம்மைப் புத்தகம். கட்டம் கட்டமாகப் படம். மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் மாடிக்கு மாடி தாவுகிறான், ஓடும் ரயிலைத் தோளால் நிறுத்துகிறான், குண்டு பட்டால் குண்டு நசுங்குகிறது. அவனுக்கு 'தாவுகாலன்' என்று பெயர் வைத்தது நீதான். நான் தேர்ட் பாரம் வரை படித்தவன். எழுத்துக்கூட்டி வாசித்து உனக்குக் கதை சொன்னேன். இரண்டாவது புத்தகத்திலேயே நீ கொட்டாவி விட்டாய்.

"இவன் தாவிக்கிட்டே இருக்கட்டும் மாப்ளே. இவனுக்குத்தேன் ஒண்ணும் ஆகாதுல்ல, பெறகு என்னா கவலை? இந்தா, இந்த மூலையில நிக்கிறாரே, இவரு யாரு?"

உன் விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில், தாவுகாலனின் அங்கி மறைத்தது போக மீதி இருந்த இடத்தில், தோளில் பையும் கையில் சீட்டுமாக ஒரு டிராம் கண்டக்டர். சப்பை மூக்கு, கோணல் சுண்டுவிரல்.

"நம்ம தொழில்காரரு" என்றாய். "இவரு வீட்டுல யாரு இருக்கா? சாயங்காலம் கஞ்சி காச்சி வைக்க ஆளு உண்டா? அதைச் சொல்லு."

அதைப் புத்தகம் சொல்லவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது நம் வேலை. நான் எழுத்தைப் பார்க்க, நீ மூஞ்சியைப் பார்க்க, தாவுகாலனை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்ற சனங்களுக்கெல்லாம் வம்சம் தேடினோம். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் கேட்கத் தோன்றுவது 'யாரு வீட்டுப் பிள்ளை' என்பதுதானே. அமெரிக்கா என்றால் விட்டுவிடுவோமா?

போலீஸ்காரரும் பேங்க் காவலாளியும் அண்ணன் தம்பி என்று காது மடலை வைத்துக் கண்டுபிடித்தாய். திருடன் வீட்டுச் சமையல்காரி, பாடுகிற சீமாட்டிக்குச் சித்தி என்று ஒரு பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி நான் கண்டுபிடித்தேன். டிராம் கண்டக்டர் மட்டும் ஒற்றையாகவே நின்றார். உனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வீரபாண்டியில் வண்டியை நிறுத்திக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ சீட்டிலிருந்தே கத்தினாய்: "மாப்ளே, ஓடியா!"

கண்டக்டரின் வாசல் தெரிகிற கட்டம் ஒன்று. பக்கத்து ஜன்னலில் கிளிக்கூண்டோடு ஒரு குண்டுப் பெண்மணி. வேறொரு புத்தகத்தில், தெருமுனையில் பூ விற்கிற ஒரு வயதான பெண் தன் வாசலில் கூடையை இறக்கி வைக்கும் கட்டம். அவளுக்குப் பின்னால் அதே ஜன்னல், அதே கிளிக்கூண்டு.

"ரெண்டு பேரையும் ஒண்ணாக் காட்டவே மாட்றான் பாரு, படம் போட்டவன். ஆனா ரெண்டு பேருக்கும் பக்கத்து வீடு ஒண்ணு. ஆளு கெடைக்கலைன்னா கூட நிக்கிற ஆளைப் பாக்கணும் மாப்ளே. பூக்காரி சுண்டுவிரலைப் பாரு."

கோணல்.

செட்டுச் சுவரில் கரித்துண்டால் வம்சக் கொடி வரைந்தோம். அடியில் தாத்தன் பாட்டன், மேலே கிளைகள். பூக்காரிக்கு மேலே ஒரு கோடு இழுத்துக் கண்டக்டரை எழுதினாய். முதலாளி வந்து பார்த்து, "வெள்ளையடிச்ச செவுத்துல என்னய்யா இது கூத்து?" என்று சத்தம் போட்டார். நீ பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாய். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். போகும்போது திரும்பி, "ஆமா, அந்தப் பூக்காரிக்குப் புருசன் எங்க?" என்று கேட்டாரே, அன்றோடு சுவர் நம் கைக்கு வந்துவிட்டது.

பிறகு ஊரெல்லாம் தெரிந்துபோனது. சின்னமனூரில் டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸை நீட்டும்போதே, "பூக்காரி மகன்தேன்னு உறுதியாயிருச்சா?" என்பார். "இல்லவே இல்ல, அவுக அத்தையும் மருமகனுமா இருக்கும்" என்று ஒரு கட்சி கிளம்பியது. வண்டிக்குள்ளேயே சண்டை வந்தது. நீ ஒரே பிடியாக நின்றாய்: "ஆத்தாவும் மகனுந்தேன். நான் சொல்றேன்."

இரண்டு மாதம் கழித்துச் சிப்பாய் உடம்பு தேறி மலையிலிருந்து இறங்கினான். நம் வண்டியிலேயே ஏறினான். நீ பூக்காரியையும் கண்டக்டரையும் பக்கம் திருப்பிக் காட்டி, சுண்டுவிரலை மடக்கிக் காட்டி, கையாலேயே பேசினாய். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு பையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கம் வந்ததும் விரலை நிறுத்தினான். என்னிடம் நீட்டினான்.

ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் பூக்காரி. ஓடி வருகிறார் டிராம் கண்டக்டர், பை தோளில் ஆடுகிறது. வாயருகே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினேன். "மதர்…"

"அப்பிடின்னா?" என்றாய்.

"ஆத்தா! ஆத்தான்னு கூப்புட்டுட்டாரு மாப்ளே!"

நீ வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஹாரனை அமுக்கிப் பிடித்தாயே, அந்தச் சத்தத்துக்குச் சின்னமனூர் வயலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. சிப்பாய் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

பாக்கியம் நம் வண்டியில் ஏறிய நாள் உனக்கு மறந்திருக்காது. பர்மாவில் பிறந்த பெண். குண்டு விழுந்தபோது அப்பனோடும் ஆத்தாவோடும் நடந்தே கிளம்பி, வழியில் இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, யார் யார் கூடவோ ஒட்டிக்கொண்டு தேனி வரை வந்து சேர்ந்தவள். பஞ்சு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு, பர்மாவிலிருந்து வந்தவர்களோடு ஒரு கொட்டகையில் இருந்தாள். அன்று கையில் ஒரு துணி மூட்டை. கூட ஒரு கங்காணி, தலைக்கு இவ்வளவு என்று எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிறவர். 'என் தம்பி கருப்பையா மகள், இப்போதுதான் தெரிந்தது, மலைக்குக் கூட்டிப்போகிறேன்' என்று சீட்டு வாங்கும்போதே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நீ கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தாய். வீரபாண்டியில் வண்டி நின்றதும் இறங்கி ஜன்னலோரம் போனாய்.

"ஆத்தா, இவுக உனக்கு என்னா வேணும்?"

"பெரியப்பான்னு சொல்றாக."

"சொல்றாகன்னா? உனக்குத் தெரியாதா?"

"அப்பா பேரைச் சரியாச் சொன்னாக. நான் இவுகளப் பாத்ததில்ல."

"கருப்பையான்னு கூப்புட்டா ஊருக்குப் பத்து ஆளு திரும்பிப் பாப்பான். ஒங்கப்பா ஊரு எது?"

"நம்மூரு நம்மூருன்னுதேன் சொல்வாக. பேரு சொன்னதே இல்ல." அவள் மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நான் கேக்காமப் போயிட்டேன். இனி எங்கன போயித் தேட?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கிளிக்கூண்டைக் கண்ட அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"ஒங்கப்பா ஊரை விடு. ஊருக்குள்ள யாரு யாரு இருந்தாகன்னு எதாச்சும் கதை சொல்வாரா? பக்கத்து வீடு, மாடு கன்னு, கிறுக்கன், எதுன்னாலும் சரி."

அவள் யோசித்தாள். அப்புறம் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கெணறு வெட்டுறவரு ஒருத்தரு இருந்தாராம். கெணத்துக்குள்ள நின்னுக்கிட்டே, மேல போற ஆளோட காலடிச் சத்தத்தைக் கேட்டு இன்னார்னு பேரு சொல்லிக் கூப்புடுவாராம். பெறகு, வீரபாண்டித் திருவிழாவுக்குப் போற வழியில மாட்டுவண்டியிலயே ரெட்டைப் பொம்பளப் பிள்ள பொறந்துச்சாம். ஒருத்திக்கு வீரம்மா, ஒருத்திக்குப் பாண்டியம்மான்னு பேரு வச்சாகளாம்."

நீ கங்காணியிடம் போனாய். மரியாதையாகத்தான் கேட்டாய். "அண்ணே, ஒங்க ஊருல மாட்டுவண்டியில பொறந்த ரெட்டைப் பிள்ளைக பேரு என்னா?"

"அதையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருப்பான்? வண்டிய எடுங்கய்யா, பொழுதாகுது."

"கரி அணைஞ்சுபோச்சுண்ணே" என்றாய். என் முதுகுக்குப் பின்னால் டிரம் திகுதிகுவென்று கனன்றுகொண்டிருந்தது. "பதமாப் பத்தவச்சுப் போவோம்."

அன்று நம் வண்டி போல எந்த வண்டியும் இந்தச் சாலையில் போயிருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீ வேண்டுமென்றே தாமதித்தாய். நான் படியில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: "வண்டியில பொறந்த வீரம்மா பாண்டியம்மா எந்த ஊரு? காலடி கேட்டுப் பேரு சொன்ன கெணறுவெட்டி எந்த ஊரு?" பூக்காரியின் மகனைத் தேடியவர்கள்தான் என்பதால் சனங்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சின்னமனூரில் தெரியவில்லை. கங்காணி, போலீசில் சொல்வேன் என்றார். "சொல்லுங்க, அங்கன கொண்டுபோயி நானே நிறுத்துறேன்" என்றாய்.

உத்தமபாளையத்தில் உங்கள் தெருக்காரர், தேங்காய் வியாபாரி, ஏறினார். என் கத்தலைக் கேட்டு, "கெணறுவெட்டியா? எங்க அத்தா தோப்புல கெணறு தோண்டுனது அவருல்ல! நான் சின்னப்பிள்ளையில எட்டிப்பாத்தா உள்ளருந்து எம்பேரைச் சொல்வாரு. அனுமந்தன்பட்டிக்காரரு" என்றார்.

அதற்குப் பிறகு உன் வண்டிக்குக் கரி அணையவே இல்லை. பறந்தாய்.

அனுமந்தன்பட்டி எல்லையில் சாலையோரம் நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் குனிந்த முதுகுகள். நான் படியிலிருந்தே கையைக் குவித்துக் கத்தினேன்: "வீரம்மா! பாண்டியம்மா!"

வரிசையின் இந்தக் கோடியில் ஒரு முதுகும் அந்தக் கோடியில் ஒரு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இரண்டு கையிலும் நாற்று, இரண்டு முகமும் ஒரே முகம்.

"நாங்கதேன்! என்னா?"

வண்டிக்குள் எழுந்த ஆரவாரத்தில் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேற்றுக்காலோடு ஏறிவந்த அந்த இருவரும் கருப்பையா பெயரைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு பர்மாவுக்கு ஓடிப்போன கருப்பையா. அவன் அக்காள் இருக்கிறாள், இதோ அடுத்த வரப்பில் களை எடுக்கிறாள்.

அந்த அக்காள் வந்து நின்றாள். கெட்டிக்காரி. உடனே நம்பிவிடவில்லை. பாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்கப்பன் ஊரைவிட்டுப் போன அன்னைக்கு என்னா நடந்துச்சுன்னு சொல்லிருக்கானா?"

"சொல்வாக" என்றாள் பாக்கியம். "அக்கா மட்டும் ஊரெல்லை வரைக்கும் பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே ஓடியாந்துச்சு. திரும்பிப் பாத்தா நின்னுபோயிருவேன்னுதேன் திரும்பிப் பாக்கலன்னு சொல்வாக. சொல்லும்போதெல்லாம் அழுவாக."

அக்காள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த புல்லைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. "கேட்டுச்சா அவனுக்கு? நான் கூப்புட்டது கேட்டுச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பாக்கியம் போய் அவள் மடியில் விழுந்தாள்.

கங்காணி எப்போது இறங்கினார், எந்தப் பக்கம் போனார் என்று நான் பார்க்கவில்லை. நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அழுகிறாயோ என்று கிட்ட வந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"படம் போட்டவனைவிட நாம பெரிய ஆளு மாப்ளே" என்றாய்.

வண்டி எவ்வளவோ தாமதம். முதலாளி கேட்பார் என்று பயந்துகொண்டே திரும்பினோம். செய்தி நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணு வீடு சேந்துச்சா?"

பாக்கியத்துக்கு அந்த ஊரிலேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். மூத்த மகனுக்குக் காது குத்தியபோது ஊர் எல்லைக் கோயில் மரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அவள் நேரே உன்னிடம் பிள்ளையை நீட்டினாள்.

கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். "ராவுத்தர் மடியிலயா?"

கருப்பையாவின் அக்காள் திரும்பினாள் பார், அந்தத் திரும்பலில் மரத்திலிருந்த குருவியெல்லாம் அடங்கிவிட்டன. "பர்மாக் காடு தாண்டி வந்த பிள்ளைய வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தவுக. இவுக அண்ணனில்லன்னா வேற எவன்டா அண்ணன்?"

நீ சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். புதுச் சட்டை, அத்தர் வாசனை. ஆசாரி ஊசியை எடுத்தபோது பிள்ளையைவிட நீதான் கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

மலைக்காய்ச்சல் உன்னை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசி நாட்களில் உன்னைப் பார்க்க உங்கள் வீட்டு வாசலில் நின்றவர்களை உன் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. பூக்காரி கட்சி, அத்தை கட்சி, எல்லாக் கட்சியும் வந்திருந்தது. நான்தான் ஒவ்வொருவராக, இவர் இன்னார், இவர் இன்னார் மச்சான் என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினேன். நீ எழுந்து வாசலுக்கு வர முடிந்திருந்தால் என்னைவிடச் சரியாகச் சொல்லியிருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பாக்கியம் செட்டுக்கு வந்தாள். இடுப்பில் இளையவள், பெண் குழந்தை. காது குத்த நாள் பார்த்திருந்தார்கள்.

"அண்ணன் இல்ல. அவுக எடத்துல நீங்கதேன் ஒக்காரணும்" என்றாள்.

நேற்று உட்கார்ந்தேன், மாப்ளே. அதே மரத்தடி. முணுமுணுக்க ஒருத்தர்கூட இல்லை. குழந்தை என் மடியில் சூடாக, கனமாக உட்கார்ந்திருந்தது. ஊசி பட்டதும் ஊரே அதிரக் கத்தியது. நல்ல நுரையீரல். நமக்கு ஹாரன் தேவைப்பட்டிருக்காது. கத்தி ஓய்ந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் நீ என்பது போல என் முகத்தையே வெகுநேரம் பார்த்தது.

அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வந்ததும் கேட்பாள், இந்த ஊர்ப் பிள்ளை அல்லவா, கேட்காமல் இருக்கமாட்டாள். தன் தாய்மாமன் யார் என்று அவள் கேட்கும் அன்றைக்கு முதலில் உன் பெயரைச் சொல்வேன். என் பெயரை அதற்கு அப்புறம்தான் சொல்வேன்.